பெருங்கடைக்குள் ஒரு பிரயாணம்

கொழும்புக் கோட்டையில் யோர்க் வீதி வழியே நடப்போரின் கண்ணைக் கவர்வது கார்கில்ஸ் மாளிகையின் செந்நிற முகப்பு. வில்லியம் மில்ன் என்பவர் 1844ஆம் ஆண்டு கண்டியில் தொடங்கிய பண்டகசாலையின் வழிவந்த நிறுவனம் அது. மாளிகை 1906இல் நிறைவெய்தியது. அந்நாட் பெருங்கடைகளில் மேசைக்கு அப்பால் விற்பனையாளர் நிற்பார். வாங்குவோர் கேட்பர், அவர் எடுத்துக் கொடுப்பார்.

இவ்வழக்கத்தைக் குலைத்தவர் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்துக் கிளாரன்ஸ் சோண்டர்ஸ். 1916இல் அவர் திறந்த கடையில் வாங்குவோரே கூடையுடன் உட்புகுந்து, வகுத்த வழியே எல்லாப் பண்டங்களையும் கடந்தே வெளியேற வேண்டியிருந்தது. 1937இல் ஒக்லஹோமா நகரத்துச் சில்வன் கோல்ட்மன் கூடைக்குச் சில்லுப் பூட்டினார். கை நோகாவிடின் வாங்குவது பெருகும் என்பதை அவர் நன்கறிந்திருந்தார்!

சென்ற ஆண்டு தீபாவளிக்கு முன்னைய சனிக்கிழமை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த எழுபத்திரண்டு வயதுச் சின்னம்மாவுடன் வெள்ளவத்தைப் பக்கத்துப் பெருங்கடையொன்றுக்குச் சென்றேன். கடையின் பெயர் வேண்டாம். வாயிலிலேயே கைப்பையை ஒப்படைத்து இலக்கத் தகடு பெற வேண்டும். உள்ளே மார்கழிக் குளிர். காதைத் துளைக்கும் பாட்டு. நாம் நாடியவை பாலும் முட்டையும் பயறுமே. நாள்தோறும் வேண்டப்படும் பாலைக் கடைக்கோடியில் வைப்பது இத்தொழிலில் பழைய உபாயம்; அங்கே போய் மீள்வதற்குள் பிசுக்கோத்தும் வாசனைச் சவர்க்காரமும் வழிமறிக்கும். விலை கூடியவை கண்மட்டத்தில் இருக்கும். மலிந்தவற்றுக்குக் குனிய வேண்டும். சின்னம்மாவுக்கோ முழங்கால் வாதம். போதாக்குறைக்கு, விலைத் துண்டுகளில் தமிழ் எழுத்து மருந்துக்கும் இல்லை. நாற்பது ஆண்டு பஞ்சாங்கம் பார்த்துக் குடும்பம் நடத்திய பெண்மணி, பயறுப் பொதியை ஏந்தியபடி எழுத்தறியாதார் போல் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு அது பொறுக்கவில்லை.

காசு கொடுக்கும் மேசைகள் எட்டு. ஆள் இருந்தவை மூன்று. வரிசையருகே, சிறுவர் கைக்கெட்டும் உயரத்தில் இனிப்புகள். முன்னால் நின்ற தாயொருத்தி அழும் மகனுக்கு இரண்டு வாங்கிக் கொடுத்தே தப்பினாள்.

எம் முறை வந்தது. சின்னம்மா கைலேஞ்சியை அவிழ்த்து எண்ணி வைத்த பணம் போதவில்லை. தட்டில் எழுதியிருந்த கழிவு விலை, கடையில் அங்கத்துவ அட்டை பெற்றோருக்கு மட்டுமாம். "அட்டை இருக்கா, அம்மா?" என்றாள் காசாளப் பெண். பின்னால் ஒருவர் பெருமூச்சு விட்டார். நான் பணப்பையை எடுத்தேன். சின்னம்மா என் கையைத் தடுத்தார்.

"வேண்டாம் தம்பி. பால்மாவைத் திருப்பி வைக்கச் சொல்லு."

அன்று மாலை காலி வீதிச் சந்தைக்கு அவரே போனார். பயறுக்காரர் ஒரு பிடி அள்ளிக் காட்டினார். சின்னம்மா பல்லில் கடித்துப் பார்த்து, பழம்பயறு என்றார். அதிலிருந்து கால்மணி நேரம் விலை பேசினார்கள். வெயிலில் குடை பிடித்து நின்ற எனக்குத்தான் கால் கடுத்தது. அவர் முழங்காலை நினைத்ததாகவே தெரியவில்லை.