யாருங் கேளாத வாத்தியம்

எமது தமக்கையார் தொலைபேசியிலே பேசும்போது முதலில் ஆட்டுக்குட்டிகளைப் பற்றியும் பின்னர் மழையைப் பற்றியும் பேசிவிட்டு, விடைபெறும் வேளையிலேதான் சொல்லவந்ததைச் சொல்வார். சென்ற வைகாசியில் ஒரு நாளும் அவ்வாறே நிகழ்ந்தது.

"தம்பி, உன்ரை மருமகன் நீ சொன்னால்தான் கேட்பான். அந்தக் கட்டையைக் கீழே வைச்சுப்போட்டுச் சோதினைக்குப் படிக்கச் சொல்லு. உங்கடை கோயிற் பூங்காவனத்துக்கு வாசிக்க வாறானாம். அங்கை வைச்சுச் சொல்லு."

சோதினை என்றது முகாமைத்துவ உதவியாளர் சேவைக்கான போட்டிப் பரீட்சையை. கட்டை என்றது பேஸ் கிற்றாரை. எமது மருமகன் இசைக்குழுவொன்றிலே நான்கு ஆண்டுகளாக அதனை வாசித்து வருகிறான்.

அறிவுரை கூறுதல் ஆசிரியத் தொழிலோடு ஒட்டிய நோயாதலின், நாம் அப்பணியைத் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டோம். உண்மையைச் சொன்னால், அந்த வாத்தியத்தைப் பற்றி எமக்கும் நல்லெண்ணம் இருந்ததில்லை. உறவினர் வீட்டுத் திருமணமொன்றில் அவன் வாசித்து முடித்து இறங்கி வந்தபோது, "பாட்டுக் கேட்டது, மேளங் கேட்டது, நீ வாசித்தது எது?" என்று பலர் முன்னிலையில் நாம் வினவியதுண்டு. அவன் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனான். அச்சிரிப்பைப் பற்றி அப்போது நாம் யோசிக்கவில்லை.

பூங்காவனத்தன்று பிற்பகலில் மருமகன் வந்து சேர்ந்தான். கொழும்பிலே ஹோட்டல்களில் பேஸ் வாசிக்கும் அவனுடைய நண்பர் ஒருவரும் விடுமுறையில் உடன் வந்திருந்தார். இவர்கள் வந்த செய்தியறிந்து, எமது ஒழுங்கையின் கோடியிலே வானொலி திருத்துங் கடை வைத்திருக்கும் பெரியவரும் வந்துவிட்டார். எழுபதுகளின் இறுதியிலே யாழ்ப்பாணத்து இசைக்குழுவொன்றில் அவரும் பேஸ் வாசித்தவர் என்பது, பதினைந்து ஆண்டுகள் அயலிலே வாழ்ந்த எமக்கு அன்றுதான் தெரியும். மூவரும் விறாந்தையிலே பாய் விரித்து அமர்ந்தனர். நாம் உள்ளேயிருந்து விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டு, அவர்கள் பேச்சுக்குக் காது கொடுத்திருந்தோம். மருமகனைத் தனியே அழைக்க ஏற்ற வேளை வரட்டும் என்பது எமது எண்ணம்.

வேளை வரவேயில்லை. ஒரு வாத்தியத்தைப் பற்றி மூன்று பேர் இத்தனை நேரம் பேசமுடியும் என்று நாம் கனவிலும் கருதியதில்லை.

தந்திகளைப் பற்றி மாத்திரம் அரை மணி நேரம் பேசினார்கள். தட்டையான கம்பி சுற்றிய தந்தி, உருண்டைக் கம்பி சுற்றிய தந்தி என இரு சாதிகள் உள்ளனவாம். உருண்டை சுற்றியது பளிச்சென்று ஒலிக்கும். தட்டை சுற்றியது மண்ணிலே பனங்காய் விழுந்தாற்போல அடங்கி ஒலிக்கும். கொழும்பு நண்பருக்கு முதலாவது, பெரியவருக்கு இரண்டாவது. தம்முடைய வாத்தியத்தில் ஐந்து தந்திகள் உண்டென்று நண்பர் கூறியபோது, "நாலு தந்தியிலை நான் வாசிச்சு முடிக்காததை நீர் ஐந்தாவதிலை வாசிக்கப் போறீரோ?" என்று பெரியவர் கேட்டார். "கீபோர்ட்காரரின்ரை இடது கை எங்களுக்குக் கீழே போகுது, அண்ணை. நாங்கள் இன்னும் கீழே போகத்தானே வேணும்" என்று இவர் விடையிறுத்தார். பௌதிகவியல் கற்பிக்கும் எமக்கு இது சுவையாயிருந்தது. நான்கு தந்தி வாத்தியத்தின் தடித்த தந்தி ஏறக்குறைய 41 ஹேர்ட்ஸ் மீடிறனில் ஒலிப்பது. ஐந்தாந் தந்தி 31 அளவிலே. மனிதச் செவியின் எல்லையோ 20. இவர்கள் கேள்வியின் படிக்கட்டிலே கடைசிப் படிகளில் நின்று வழக்காடுகிறார்கள்!

இவ்வாத்தியத்தின் வரலாறும் அன்று எமக்குக் கிடைத்தது. ஆளுயரத்துக்கு நிற்கும் பெரிய பேஸ் வயலினைச் சுமந்து திரிவதும், மேளங்களுக்கும் ஊதுகுழல்களுக்கும் நடுவே அதன் ஒலி மூழ்கிப்போவதும் அமெரிக்க வாத்தியகாரருக்குத் தொல்லையாயிருந்த காலத்தில், கலிபோர்னியாவிலே வானொலி திருத்துந் தொழிலிலிருந்து வந்த லியோ பெண்டர் என்பவர், 1951ஆம் ஆண்டில், தோளிலே மாட்டக்கூடிய மின்சார பேஸ் கிற்றாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். வீணைக்குப்போல அதற்கு மெட்டுக்கள் பதித்திருந்தமையால் சுரம் பிசகாது. ஆதலால் 'பிரிசிஷன்', அதாவது துல்லியம், என்று அதற்குப் பெயரிட்டார். அவர் கிற்றார் வாசிக்கத் தெரியாதவர் என்றும் மருமகன் கூறினான். வானொலி திருத்துபவர் என்ற சொல்லைக் கேட்டதும் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்ததை நாம் யன்னலூடாகக் கண்டோம்.

பின்னர் ஜேம்ஸ் ஜேமர்சன் என்பவரைப் பற்றிப் பேச்செழுந்தது. டெற்றோயிட் நகரிலே மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தில் வாசித்தவர். அறுபதுகளிலே உலகமெங்கும் ஒலித்த அந்நிறுவனத்துப் பாடல்கள் பலவற்றின் அடியில் ஓடுவது அவருடைய வாசிப்பு. வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றினாலேயே மீட்டுவாராம். தந்தி அறுந்தாலன்றி மாற்றமாட்டாராம். ஆயினும் 1971ஆம் ஆண்டு வரை அத்தட்டுகளின் உறைகளில் வாத்தியகாரரின் பெயர் அச்சிடப்படவில்லை. 1983ஆம் ஆண்டில், 47 வயதில் அவர் காலமானார். புகழ்மண்டபத்தில் இடங்கொடுத்தது 2000ஆம் ஆண்டில். இதனைச் சொல்லும்போது மருமகனின் குரலிலே கோபமில்லை. மழை பெய்தது, வெயில் எறித்தது என்று சொல்வதுபோலச் சொன்னான்.

கூலியைப் பற்றியும் பேசினார்கள். திருமண மண்டபங்களில் இரவு முழுவதும் பைலா வாசித்து, நடனமாடுவோர் களைக்கும்வரை தாம் களைக்கக்கூடாதென்றார் நண்பர். பாடகருக்குக் கொடுப்பதிற் பாதிதான் தமக்கு என்றார். மருமகன் அதிலும் பாதி என்றான். மூவருஞ் சிரித்தனர். தமக்கையார் இதைக் கேட்டிருந்தால் பரீட்சைக்கு வேறு வக்காலத்து வேண்டியதில்லை.

தேநீர் கொண்டுபோகும் சாட்டிலே நாமும் விறாந்தைக்குப் போய் அமர்ந்துவிட்டோம். மருமகனின் வாத்தியத்தின் பின்புறத்திலே சிறிய மூடியொன்று இருந்தது. உள்ளே 9 வோல்ற்றுப் பற்றரி உண்டென்றும், ஒலியைத் திருத்தும் சுற்றொன்று அதனால் இயங்குகிறதென்றும் அவன் விளக்கினான்.

"பற்றரியிலை ஓடுற சாமான் ஒருநாள் கைவிடும்" என்றார் பெரியவர். "எங்களுக்குப் பற்றரியின்ரை அருமை தெரியும். என்ன மாஸ்ரர்?"

எமக்குந் தெரியும். 1990க்குப் பின் குடாநாட்டில் மின்சாரமில்லை. பற்றரியோ தடைசெய்யப்பட்ட பொருள். துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையை நாம் சுழற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் எமது தந்தையார் வானொலிச் செய்தி கேட்பார். செய்தி முடியுமுன் கை சோர்ந்தால் ஏச்சு விழும். அக்காலத்திலே பெரியவர் தமது யப்பானிய பேஸ் கிற்றாரை எவ்வாறு வாசித்தார் என்று இளைஞர் கேட்டனர். புதிய தந்தி வராதபடியால் பழைய தந்திகளைக் கழற்றி நீரில் அவித்து அழுக்கு நீக்கித் திரும்பப் பூட்டுவாராம். ஒலிபெருக்கிக்கு மின்சாரமில்லாதபடியால், வாத்தியத்தின் கொம்பை மர அலுமாரியோடு அழுத்திச் சாய்த்து வாசிப்பாராம். மரத்தினூடாக ஒலி சென்று அலுமாரி முழுவதும் முழங்கும். "நான் வாசிச்சது எனக்கும் அலுமாரிக்குள்ளை கிடந்த உடுப்புகளுக்குந்தான் கேட்டது" என்றார்.

அப்போது கொழும்பு நண்பர், துயரத்தை மாற்ற எண்ணியோ என்னவோ, போல் மக்கார்ட்னியின் கதையை எடுத்தார். 1961இல் ஹம்பேர்க் நகரில் அவர் வாங்கிய, வயலின் வடிவான ஹொவ்னர் பேஸ் கிற்றார் 1972இல் இலண்டனிலே வண்டியொன்றிலிருந்து களவாடப்பட்டது. அன்பர் சிலர் தேடித் திரிந்து, ஒரு வீட்டு மச்சிலே கிடந்ததைக் கண்டறிந்தனர். ஐம்பத்தோராண்டின் பின் அது உரியவரிடஞ் சேர்ந்தது. 2024 பெப்ரவரியில் செய்தி வெளியாயிற்று. நண்பர் இதனைத் தமது சொந்தப் பொருள் கிடைத்தாற்போலச் சொன்னார்.

பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "என்ரையை 95இலை நெற்பெட்டிக்குப் பின்னாலை வைச்சிட்டுப் போனனான்" என்றார்.

1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவைப் பற்றி எம்மவருக்கு விளக்கவேண்டியதில்லை. அவரிடம் இருந்தது ஒரு துவிச்சக்கர வண்டி. முன்னே பிள்ளை, பின்னே தாயார், கைப்பிடியில் அரிசிப்பை. வாத்தியம் நான்கு கிலோகிராம் பாரம். தோளில் மாட்டிப் பார்த்தாராம். தாயாருக்குப் பிடிக்க இடமில்லை. கழற்றி வைத்துவிட்டுத் தென்மராட்சிக்குப் போனார். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது அதன் உறை மாத்திரம் கிணற்றடியிலே கிடந்தது. யாரோ அதனுள் வெங்காயம் போட்டு வைத்திருந்த மணம் இருந்ததாம்.

மருமகன் ஒன்றுஞ் சொல்லாமல் தன் வாத்தியத்தை அவர் மடியில் வைத்தான். அவர் எழுந்து எமது முன்னறை அலுமாரியண்டை போய், கதிரையை இழுத்துப்போட்டு, கொம்பைக் கதவோடு சாய்த்தார்.

"மாஸ்ரர், 'ஸ' பிடியுங்கோ. விடாமல் நில்லுங்கோ."

நாம் சங்கீதம் பயின்றவரல்லேம். கோயிலிலே தேவாரம் பாடுமளவே எமது புலமை. ஆயினும் பிடித்தோம். அவரும் கீழே 'ஸ' மீட்டினார். வீட்டு வாசலிலே நிற்பதுபோலிருந்தது. எமது சுரம் மாறவில்லை; அவர் விரலை நகர்த்தி மந்தரத்து 'த' மீட்டினார். எமது வாயிலிருந்து வந்த அதே 'ஸ' துக்கமாயிற்று. நாம் திடுக்கிட்டு நிறுத்தப் பார்த்தோம். "விடாதையுங்கோ" என்று 'ம' மீட்டினார். அதே 'ஸ' எங்கோ புறப்பட்டு நிற்பது போலாயிற்று. அலுமாரிக்குள் எமது கல்லூரிச் சேட்டுகள் அதிர்ந்தன. அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த இல்லாள், எமக்கு ஏதோ நேர்ந்துவிட்டதென்று எண்ணினார்.

அன்றிரவு கச்சேரி பத்து மணிக்குத் தொடங்கிற்று. நாம் முதல்முறையாகப் பாடகரைக் கேளாமல், கீழே ஓடுவதையே தேடிக் கேட்டோம். ஒருமுறை பிடிபட்டபின் அது எம்மை விடவில்லை. பதினொரு மணியளவில் அது கரகரத்து மெலிந்து நின்றுபோயிற்று. பெரியவர் எம் காதருகே, "பற்றரி" என்றார்.

சனத்தில் ஒருவருந் திரும்பிப் பார்க்கவில்லை. பாடகர் பாடினார், மேளம் முழங்கிற்று. ஆனால் மேடைக்கு முன்னே ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக மணலிலே உட்காரலாயினர். ஏனென்று அவர்களுக்குத் தெரிந்திராது. மருமகன் செத்த வாத்தியத்தைக் கழுத்தில் மாட்டியபடி, சிரித்த முகத்தோடு, விரல்களை மாத்திரம் அசைத்துக்கொண்டு நின்றான். திருமண வீட்டிலே எம்மைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு.

குழுவினரிடம் மாற்றுப் பற்றரியில்லை, அந்நேரத்திலே கடையுமில்லை. கல்லூரி ஆய்வுகூடத்துப் பல்மானியொன்றைத் திருத்துவதற்காக நாம் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தது அப்போது நினைவுக்கு வந்தது. அதனுள்ளும் 9 வோல்ற்றுப் பற்றரிதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துவிச்சக்கர வண்டியிலே விரைந்தோம். தாழ்ந்த ஒலிகள் காற்றில் அதிகந் தேயாமல் நெடுந்தூரஞ் செல்லும், சுவர்களை வளைந்து கடக்கும் என்று வகுப்பிலே பலமுறை படிப்பித்திருக்கிறோம். திருவிழாக் காலங்களில் படுக்கையிற் கிடக்கும் எமக்குப் பாட்டின் சொற்கள் எட்டாமல், நெஞ்சிலே மோதுவதுபோன்ற ஒன்று மாத்திரம் வந்துசேர்வது அதனாலேதான். அது மேளமென்றே இத்தனை ஆண்டுகளாக எண்ணியிருந்தோம். அன்று ஒழுங்கை வளைவிலே நின்று கேட்டபோது மேளம் வந்தது, மற்றது வரவில்லை.

பற்றரியோடு திரும்பினோம். பெரியவர் மேடையின் பின்புறமாக ஏறி மூடியைத் திறந்து மாட்டினார். அடுத்த பாட்டின் நடுவிலே மருமகன் ஒரு சுரத்தை மீட்டினான். பிள்ளைகள் எழுந்தார்கள்.

வீடு திரும்பும்போது ஒரு மணி. "மாமா, அம்மா ஏதோ சொல்லச் சொன்னவவாம்" என்று அவனே தொடங்கினான்.

"விண்ணப்பம் அனுப்ப எப்ப கடைசித் திகதி?"

"அது போன கிழமையே அனுப்பிப்போட்டன்."

"அம்மாவுக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால், இனி இது என்னத்துக்கு எண்டு வித்துப்போடச் சொல்லுவா, மாமா."

மறுநாட் காலை நாம் தமக்கையாரை அழைத்தோம். ஆட்டுக்குட்டிகளை விசாரித்தோம், மழையை விசாரித்தோம். பின்னர், அவன் பரீட்சை எழுதுவான் என்றும், கட்டை அவனுடையதாகவே இருக்கட்டும் என்றுஞ் சொன்னோம். மறுமுனையில் நெடுநேரஞ் சத்தமில்லை. "நீயுங் கெட்டுப்போனாய்" என்று வைத்துவிட்டார்.

பரீட்சை வருமட்டும் வேறொருவரை வாசிக்கச் சொல்லிக் குழுவினரிடம் அறிவித்துவிட்டு, மருமகன் பற்றரியைக் கழற்றி எம் கையில் தந்தான். வாத்தியத்தை ஒழுங்கைக் கோடியிலே பெரியவர் வீட்டில் விட்டுச் சென்றான். மாலையில் அவ்வழியே போகையில் நாம் வண்டியை மெதுவாக மிதிப்பதுண்டு. தெருவுக்கு ஒன்றுங் கேட்பதில்லை. அவர் அறைக்குள்ளே அலுமாரியோடு சாய்த்து வாசிக்கிறாரென்று அவருடைய மனைவியார் எமது இல்லாளிடங் கூறினாராம்.