நூல் பிடித்தாற்போல்

ஹைதராபாத்தின் ஹுசைன் சாகர் ஏரிக்கரையில் 2023 பிப்ரவரி 11-ஆம் தேதி ஃபார்முலா ஈ மின்சாரக் கார்கள் சீறின. ழான் எரிக் வெர்ன் ஜெயித்தார். அடுத்த ஆண்டுப் பந்தயம் ரத்தாகிவிட்டது. ஆனால் அன்று தொற்றிய மோகத்தில் என் நண்பர் தன் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230-ஐ ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைக்கே ஓட்டிக்கொண்டு போனார். 3.7 கிலோமீட்டர் சர்க்யூட் அது. "வளைவுல எவ்வளவு ஒடிச்சாலும் மூக்கு நேராத்தான் போகுது" என்று புலம்பியபடி திரும்பினார். அவரோடு எங்கள் ஊர் மாரெட்பள்ளிப் பட்டறைக்குப் போனேன்.

பட்டறைக்காரர் வாணியம்பாடிக் குடும்பம். அம்பாசிடரின் டை ராடு திருகிக் கை பழகியவர். பையன்களுக்கு உஸ்தாத், எனக்கு பாய்.

நண்பர் லேப்டாப் மாட்டி இஞ்சின் சக்தியைக் கூட்டியிருந்தார். அந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை, பாய்க்கு அதில் அக்கறையும் இல்லை. "இழுக்கிறதும் முன்சக்கரம், திரும்புறதும் முன்சக்கரம். அது தலையிலயே இன்னும் ஏத்துனா என்ன சார் பண்ணும்?" என்றவர் டயரைத் தடவிக் காட்டினார். வெளி ஓரம் மட்டும் எலி கடித்தாற்போல் பிய்ந்திருந்தது. வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாய, டயர் விளிம்பில் நிற்கிறது. சக்கரத்தின் தலையை முன்கூட்டியே உள்ளே சாய்த்துவைத்தால் சாயும்போது முழு டயரும் தரையில் படியும். நெகட்டிவ் கேம்பர் என்பது இதுதான். கம்பெனி வைப்பது அரை டிகிரி அளவில். பாய் இரண்டரை வைக்கிறார். அலைன்மெண்ட் கம்ப்யூட்டரில் அது சிவப்பாகத்தான் தெரியும்.

அதனால் அவர் நம்புவது நூலை. வண்டியின் இருபுறமும் ஸ்டாண்டு வைத்து மீன்பிடி நரம்பை இழுத்துக் கட்டுகிறார். முன்னச்சும் பின்னச்சும் ஒரே அகலமில்லை. எனவே டயரைத் தொட்டு இழுக்காமல், சக்கர மையத்திலிருந்து இடமும் வலமும் அளவு ஒத்துப்போகும்வரை நகர்த்துகிறார். பிறகு ரிம்மின் முன்விளிம்பு, பின்விளிம்பு இரண்டுக்கும் ஸ்டீல் ஸ்கேல் வைத்தால் டோ, அதாவது சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, தெரிந்துவிடும். கேம்பருக்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டு: 17 அங்குல ரிம்மில் மேலுக்கும் கீழுக்கும் 8 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் ஏறக்குறைய ஒரு டிகிரி. சக்கரத்தடியில் கிரீஸ் தடவிய இரட்டைத் தகடு, டயர் வழுக்கித் தன் இடத்தில் உட்கார. ஒவ்வொரு திருகலுக்கும் வண்டியை அமுக்கிக் குலுக்கி, மறுபடி முதலிலிருந்து அளக்கிறார். பின்பக்க ஆன்டி ரோல் பாரைத் தடித்ததாக மாற்றியதும் மூக்கு திரும்பத்தான். அது அரைமணி வேலை என்பதுபோல் பையன்கள் முடித்துவிட்டார்கள்.

வயிறு எரிந்தது பில்லைப் பார்த்தபோது. நண்பர் வாங்கி மாட்டிய இறக்குமதி சஸ்பென்ஷன் கிட்டுக்கு லட்சங்களில் விலை. டப்பாவை வாங்கி டப்பாவாகவே கைமாற்றிய தரகருக்கு அதில் கொழுத்த பங்கு. அந்தக் கிட்டை வேலைசெய்ய வைத்த பாய்க்குக் கூலி ஆயிரங்களில், அதிலும் பேரம். அளவு தப்பினால் எவ்வளவு விலையுயர்ந்த ஸ்பிரிங்கும் வெறும் இரும்பு. தெரிந்தவனுக்குக் கூலி குறைவு, விற்றவனுக்கு லாபம் அதிகம் என்பது எந்த ஊர் நியாயம்?

டிராக்குக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் முதலில் நல்ல டயர், பிரேக் பேடு, புது பிரேக் ஆயில் போடுங்கள். அடுத்து அலைன்மெண்ட். கிட் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஊர் திரும்பியதும் கேம்பரைக் குறைத்துவிடுங்கள், இல்லையேல் டயரின் உள் ஓரம் தேய்ந்துபோகும். நூல் பிடிக்கிறவரிடம் மட்டும் பேரம் பேசாதீர்கள்.