கடைப் பாத்திக்குத் தண்ணீர்

பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியனுக்கு ஒரு குறை உண்டு. கரும்பலகையில் எழுதியதையெல்லாம் கண்ணாற் கண்டுவிட்டதாகவே அவன் எண்ணிக்கொள்வான். கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் என்று வெப்பம் இடம்பெயரும் மூன்று வழிகளையும் ஆண்டுதோறும் மாணவர்க்கு விளக்கி வருபவன் நான். குளிர்நாட்டு வீடு ஒன்றின் படத்தையும் வரைந்து காட்டுவேன். அடியில் ஒரு கொதிகலம். அதிலிருந்து மேலேறும் குழாய். சுவரோரம் ஓர் இரும்புத் தகடு. பின்பு கீழிறங்கி வரும் குழாய். போகும் நீருக்குச் சிவப்பு அம்பு, திரும்பும் நீருக்கு நீல அம்பு. யாழ்ப்பாணத்து வெயிலிற் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே அப்படத்தை எத்தனை முறை வரைந்திருப்பேன்!

அந்தப் படத்தை நான் நேரிற் கண்டது 2017 டிசம்பர் விடுமுறையில், லண்டனின் வடமேற்கே ஹறோவில் உள்ள என் தமக்கையார் வீட்டில். கண்டதோடு நில்லாமல், அதனோடு மல்லுக்கட்டவும் நேர்ந்தது.

அம்மா அக்காவுடன் வாழத் தொடங்கி அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்பா காலமான பின்னர் அவரை அங்கே அனுப்பி வைத்தவன் நானே. அனுப்பிய நாள் முதலாக அது சரியான காரியந்தானா என்ற ஐயம் என் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது. எழுபத்தெட்டு வயது; தொய்வு நோய்; வெளியே இறங்க முடியாத குளிர். ஊருக்குத் திரும்ப அழைத்து வரலாமா என்று பார்த்து வருவதே என் பயணத்தின் உள்நோக்கம். அக்காவிடம் அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நான் போய்ச் சேர்ந்த கிழமையில், முன்னறையில் இருந்த பழைய றேடியேற்றரின் அடிப்பகுதி துருவேறி நீர் கசியத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை தொழிலாளர் ஒருவர் வந்தார். குழாய்களிலிருந்த நீர் முழுவதையும் வடித்தார்; பழையதைக் கழற்றிப் புதியதொன்றைப் பூட்டினார்; மீண்டும் நீரை நிரப்பினார்; கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டு வேலைக்கு விரைந்தார். புதிய தகடு பழையதிலும் பெரியது. முன்னறை அன்று மாலையே கோடைகாலத்துக் கிளிநொச்சி போலக் கொதித்தது. எல்லோரும் மகிழ்ந்தோம். மேல்மாடியில் அம்மாவின் அறை குளிர்ந்து கிடந்ததை இரவு பத்து மணிக்குத்தான் அறிந்தோம்.

“எனக்கொண்டும் குளிரேல்லை, தம்பி. நீ போய்ப் படு” என்றார் அம்மா. அம்மாவின் சொல்லை இவ்விடயத்தில் நம்பலாகாது. அக்கா அயல்வீட்டில் ஒரு சிறிய மின்கணப்பை இரவல் வாங்கி வந்து அறையில் வைத்தார். நாங்கள் உறங்கிய பிறகு, மின்சாரக் காசு ஏறிவிடும் என்று அம்மா எழுந்து அதை நிறுத்திவிட்டார். காலையில் நான் போய்ப் பார்த்தபோது, இரண்டு கம்பளிகளுக்குள் ஒடுங்கிக்கிடந்து, மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். மருந்தை உறிஞ்சிய பின்பு சற்றுத் தணிந்தது. அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குள் வீடு முழுவதுமே குளிர்ந்துவிட்டது. பொயிலர் தானாகவே நின்று, சிவப்பு விளக்கு ஒன்று மினுங்கிக்கொண்டிருந்தது. தொழிலாளருக்குத் தொலைபேசி எடுத்தால் பதில் இல்லை; சனி, ஞாயிறு அல்லவா? அத்தான் இரவு வேலை முடிந்து வந்து உறங்கிக்கொண்டிருந்தார். எஞ்சியவர்கள் அக்காவும், பதினைந்து வயது மருமகனும், பௌதிக ஆசிரியனாகிய நானுமே.

அந்நாட்டுச் சட்டப்படி, எரிவாயு சம்பந்தமான வேலையைப் பதிவு பெற்ற தொழிலாளரே செய்யலாம். ஆதலால் பொயிலரின் மூடியில் நான் கைவைக்கவில்லை. நீர் ஓடும் பக்கத்தை மாத்திரம் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளலாம். பொயிலரின் முன்புறத்தில் ஓர் அமுக்கமானி இருந்தது. குளிர்ந்த நிலையில் அதன் முள் 1 பாருக்கும் 1.5 பாருக்கும் இடையில் நிற்றல் வேண்டும். அன்று 0.4இற் கிடந்தது. நீர் போதாதென்று கண்டு, இயந்திரம் தன்னைத் தானே காத்துக்கொண்டு நின்றுவிட்டது. புதிதாக நிரப்பிய நீரோடு குழாய்களுக்குள் அகப்பட்ட காற்று சிறிது சிறிதாக வெளியேற, அந்த அளவுக்கு அமுக்கமும் இறங்கியிருந்தது.

கீழே வளைந்து தொங்கும் சிறிய குழாயொன்றின் இரு முனைத் திருகிகளையும் திறந்தால், ஊர்க்குழாய் நீர் உள்ளே ஏறும். திறந்தேன். முள் அசைந்தது. “அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டு போறியோ?” என்று அக்கா கேட்க, கோப்பையை வாங்கிக்கொண்டு மேலே போய்விட்டேன். அங்கே அம்மாவோடு ஊர்க்கதை. சில நிமிடங்களில், “தம்பி, ஓடி வா!” என்று கீழிருந்து ஒரு கூக்குரல். முள் 2.8இல் நின்றது! 3 பாரைத் தொட்டிருந்தால் பாதுகாப்பு வால்வு திறந்து, வெளிச்சுவரில் நீர் பீறிட்டிருக்கும். பரீட்சை மண்டபத்தில் மாணவனொருவன் இப்படிச் செய்திருந்தால் அவனை நான் எப்படித் திட்டியிருப்பேன் என்பதை எண்ணிப் பார்த்தேன்.

ஏறிய அமுக்கத்துக்கு ஒரு பயனும் கிடைத்தது. பொயிலரை மீளத் தொடக்கியதும் தகடுகளின் அடிப்பகுதி சுட்டது. மேற்பகுதி குளிர்ந்தே இருந்தது. மேலே குளிர்ந்தால் காற்று, கீழே குளிர்ந்தால் சேறு என்று அங்குள்ளவர்கள் சொல்லுவார்கள். காற்று நீரிலும் இலேசானது. தகட்டின் உச்சியிற் போய்த் தங்கிக்கொள்கிறது. குளிர்ந்த புதுநீரிற் கரைந்துள்ள காற்றும், நீர் சூடேறும்போது பிரிந்து வந்து அதனோடு சேர்கிறது. பொயிலரை நிறுத்திவிட்டு, கீழ்த்தளத்திலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு தகட்டின் மேன்மூலையிலும் உள்ள சிறு திருகாணியைச் சாவியால் மெல்லத் தளர்த்தினோம். ‘ஸ்ஸ்’ என்று காற்று வரும். பின்பு நீர் துளிர்க்கும். உடனே இறுக்கிவிட வேண்டும். இரண்டாவது தகட்டில் நான் கொஞ்சம் அதிகமாகத் திருகியதன் சான்று, அக்காவின் வெண்ணிறக் கம்பளத்தில் கருந்துளிகளாக இன்னும் இருக்கிறது.

அந்தக் கறுப்பு நீரை மருமகன் ஒரு கோப்பையில் ஏந்தி, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தைப் பக்கத்திற் பிடித்தான். கறுப்புத் தூள் முழுவதும் காந்தத்தின் பக்கம் சாய்ந்தது. இரும்பு தின்னப்பட்டு உண்டாகும் மக்னறைற்று அது. ஒரு பாடவேளை முழுவதும் நான் சொல்லி விளங்கவைக்க முயல்வதை அவன் ஒரு நிமிடத்திற் கண்டுகொண்டான்.

சனிக்கிழமை இரவு எல்லா அறைகளும் சூடாயின, ஒன்றைத் தவிர. அம்மாவின் அறைத் தகடு மேலும் கீழும் ஒருங்கே குளிர்ந்திருந்தது. திருகாணியைத் தளர்த்தினால் காற்றும் வரவில்லை. சிறிது குளிர்நீர் மட்டும் வந்தது. வால்வின் தலையைக் கழற்றி உள்ளிருந்த ஊசியை அழுத்திப் பார்த்தேன்; அது தடையின்றி அசைந்தது. அன்றிரவு மின்கணப்பை நிறுத்தாதபடி அக்கா அம்மாவின் கட்டிலருகிலேயே பாய் விரித்துப் படுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை, டிசம்பர் 10ஆந் திகதி, விடியும்போது வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. அதைக் கண்டு மகிழும் மனநிலை எனக்கு இல்லை. சமையலறையில் அக்கா திடீரென்று சொன்னார்: “நீ அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகத்தானே வந்தனி? எனக்குத் தெரியும். இப்ப உனக்கு ஒரு சாட்டும் கிடைச்சிட்டுது.”

நான் மறுமொழி சொல்லவில்லை. சாட்டு என்று அவர் சொன்னது உண்மை. முதல்நாட் காலை அம்மாவின் மூச்சைக் கேட்டபோது, கவலையோடு கூட, ‘நான் நினைத்தது சரிதான்’ என்ற ஒரு சிறு திருப்தியும் என்னுள் எழுந்தது. அதை இங்கே எழுதவும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மேலே போய், அம்மாவின் கட்டில் ஓரத்தில் அமர்ந்து, கடதாசி ஒன்றில் அந்தப் பழைய படத்தை வரைந்தேன். அதில் ஒரு தகடு. இந்த வீட்டிலோ எட்டு. எட்டும் சமாந்தரமாகத் தொடுக்கப்பட்ட தடைகள். தடை குறைந்த வழியில்தான் ஓட்டம் மிகும். புதிய தகடு பொயிலருக்கு மிக அண்மையில். அதன் இரு வால்வுகளையும் அந்தத் தொழிலாளர் முழுதாகத் திறந்துவிட்டுப் போயிருக்கிறார். “வெந்நீர் முழுக்க முன்னறையிலேயே சுத்திப்போட்டுத் திரும்பிப் போகுது, அக்கா, இஞ்சை வாறேல்லை” என்றேன். நோயைக் கண்டுபிடித்த பெருமையில் இருந்தேனே தவிர, மருந்து இன்னும் தோன்றவில்லை.

“முன் பாத்தியளை மறிக்காமல் கடைப் பாத்திக்குத் தண்ணி எப்பிடியடா போகும்?” என்றார் அம்மா, கம்பளிக்குள் இருந்தபடியே.

அம்மா ஏழாலையிற் பிறந்தவர். அவருடைய சிறுவயதில், பாட்டனாரின் புகையிலைத் தோட்டத்திற்குத் துலாவாலேயே நீர் இறைப்பார்கள். ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடித்து ஊற்ற, மண்வெட்டியுடன் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவது சிறுமியான அம்மாவின் வேலை. கிணற்றுக்கு அருகிலுள்ள பாத்தி தானாகவே நிரம்பும்; அதன் வாயை மண்ணால் அடைத்தால்தான் வாய்க்கால் நீர் தொங்கல்வரை ஓடும்.

மருமகனும் நானும் எழுந்து, மற்றை ஏழு தகடுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக முழுதாய் மூடினோம். பம்பியின் முழு வலுவும் இப்போது ஒரே வழியிற் சென்றது. சற்று நேரம் ஒன்றுமில்லை. பின்பு சுவருக்குள் ‘குளுக் குளுக்’ என்று ஓர் ஓசை. இடையில் அடைத்துக்கொண்டிருந்த காற்றுப் பொதி நகர்ந்தது. “மாமா, குழாய் சுடுகுது!” என்று மருமகன் கத்தினான். மீண்டும் பொயிலரை நிறுத்தித் திருகாணியைத் தளர்த்தினேன். இம்முறை காற்று நீண்ட நேரம் சீறி வெளிவந்தது.

மீதி ஞாயிறு முழுவதும் பாத்தி மாறும் வேலையே. ஒவ்வொரு தகட்டின் மறுமுனையிலும் பிளாஸ்ரிக் மூடிக்குள் இன்னொரு வால்வு ஒளிந்திருக்கும். அன்றாடம் திறந்து மூடுவதற்கன்று, பங்கீட்டை ஒருமுறை அமைத்து விடுவதற்கே அது. முன்னறைக்கு அரைச் சுற்று, சமையலறைக்கு முக்கால், மேலே போகப் போகக் கூட்டி, அம்மாவின் அறைக்கு முழுத் திறப்பு. ஒன்றைத் திருப்பிவிட்டு அரைமணி பொறுத்துத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். பொறுமையில்லாதவனுக்கு இந்த வேலை சரிவராது. சுற்றுக்களின் கணக்கை ஒரு கொப்பியில் எழுதி வைத்தோம். பழைய தகட்டைக் கழற்றும்போதே அந்தத் தொழிலாளர் இப்படி எண்ணியிருந்தால் எங்களுக்கு இந்தப் பாடு இல்லை. திங்கட்கிழமை அவர் வந்தார். குறை சொல்ல வாயெடுத்த அக்கா, குளிரிற் சிவந்த அவருடைய கைகளைக் கண்டு தேநீர் ஊற்றிக் கொடுத்தார். வடித்த நீரோடு போன துருத்தடுப்பு மருந்துக்கு ஈடாகப் புதியதொரு போத்தலை அவர் ஊற்றிவிட்டுச் சென்றார்.

ஞாயிறு இரவு, அக்கா இருக்கும்போதே, அம்மாவிடம் நேரடியாகக் கேட்டேன்: “என்னோடை ஊருக்கு வாறியளோ, அம்மா?”

அம்மா நாற்காலியைத் தகட்டின் அருகே இழுத்துப் போட்டு, உள்ளங்கைகள் இரண்டையும் அதன்மேல் வைத்திருந்தார். பக்கத்தில் அவருடைய கம்பளிக் காலுறைகள் காய்ந்துகொண்டிருந்தன. உடனே அவர் ஒன்றும் சொல்லவில்லை.

“இப்பத்தானே சூடு வந்தது. இருக்கட்டும், பாப்பம்” என்றார்.

கிறிஸ்மசுக்குப் பின்னர் நான் தனியே விமானம் ஏறினேன். ஊர் வந்த பிறகு, அந்த மாரி முடியும்வரை, ஞாயிறுதோறும் அக்கா தொலைபேசி எடுப்பார். சுகம் விசாரிக்கும் முன்பே, “ஒன்று தசம் மூன்று” என்பார். அமுக்கமானி காட்டும் கணக்கு அது. அதன்பின்தான் தொலைபேசியை அம்மாவிடம் கொடுப்பார்.