திரும்பப் பெற விரும்பும் ஒரு பிரசங்கம்

குருவாகி இருபத்தாறு ஆண்டுகளில் எத்தனையோ பிரசங்கங்கள் செய்துவிட்டேன். அவற்றுள் பெரும்பாலானவற்றைக் கேட்டவர்களும் மறந்திருப்பார்கள். சொன்ன நானும் மறந்துவிட்டேன். ஆனால் 2017 பிப்ரவரியில், இடைசெவலுக்குக் கிழக்கே ஒரு சிற்றூர்க் கோவிலில் நான் செய்த பிரசங்கம் ஒன்றை மட்டும் மறக்க முடியவில்லை. முடியுமானால் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வேன்.

இடைசெவல் என்றதும் இலக்கியம் அறிந்தோர்க்குக் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் நினைவுக்கு வருவர். மழைக்காகத்தான் தாம் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதாகவும், அப்போதும் பள்ளிக்கூடத்தைப் பாராமல் மழையையே பார்த்துக்கொண்டிருந்ததாகவும் கி.ரா. வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கரிசல் நிலத்தில் சில ஆண்டுகள் வாழ்ந்தபின் எனக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. அங்கே பிறந்தவன் மழையைத்தான் பார்ப்பான். நானோ தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்தவன். வாய்க்காலில் தண்ணீர் வரும் நாள் எனக்குத் தெரியும். வானத்தைப் படிக்கத் தெரியாது. இந்த அறியாமையோடுதான் அம்மக்களுக்கு மேய்ப்பனாகப் போனேன்.

2016ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்துபோயிற்று. கரிசலில் விதைத்த உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் முளைத்த அளவிலேயே கருகின. 2017 சனவரியில் அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என அறிவித்தது. நிலம் கால் நுழையுமளவு வெடித்துக் கிடந்தது. அந்நாட்களில்தான் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேல மரங்களை அகற்றும்படி உத்தரவிட்டிருந்தது. எங்கு நோக்கினும் அதே பேச்சு. அம்மரம் காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சி மேகத்தைக் கலைத்துவிடுகிறது என்று சுவரொட்டிகள் கூறின. நானும் நம்பினேன்.

அந்த ஞாயிறன்று பீடத்தினின்று, மரங்களை நட்டால் மழை வரும் என்றேன். அதே மூச்சில், சீமைக்கருவேலம் மழையைக் குடிக்கும் பாவ மரம், அதனை வேரோடு பிடுங்குவது புண்ணியம் என்றேன். கர்மேல் மலையில் எலியா மழைக்காக மன்றாடிய நிகழ்ச்சியையும் சொன்னேன். அவர் கண்ட அந்தச் சிறு மேகம் காட்டிலிருந்து அன்று, கடலிலிருந்தே எழுந்தது என்பது எனக்கு உறைக்கவேயில்லை! பிரசங்கம் எடுபட்டது. மறுவாரமே இயந்திரம் கொண்டுவந்து, கோவில் நிலத்தையும் அதை ஒட்டிய கண்மாய்க் கரையையும் சுத்தமாக்கினோம். நல்ல வேலை செய்தோம் என்ற நிறைவு எனக்கு.

மூன்றாம் நாள் மாலை ஒரு பாட்டி வந்தார். அந்த முள்ளை வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றுப் பிழைத்தவர். விதவை. குறைசொல்ல வரவில்லை; ஒரு சந்தேகம் கேட்க வந்தார்.

"சாமி, வேலிக்கருவை மழையைக் குடிக்குதுன்னு பூசையில சொன்னீக. தாது வருசப் பஞ்சத்துல ஊரே செத்துச்சுன்னு எங்க பாட்டி சொல்லும். அப்ப இங்க வேலிக்கருவை ஏது சாமி? எது குடிச்சிச்சு?"

எனக்கு விடை தெரியவில்லை. தாது வருடப் பஞ்சம் 1876ல் தொடங்கியது. சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்துச் செடி. கரிசல் முழுவதும் பரவியது மிகப் பிந்தித்தான். குருமடத்தில் தத்துவமும் இறையியலும் கற்ற எனக்கு, எழுதப் படிக்கத் தெரியாத அம்மூதாட்டி தர்க்கம் கற்பித்துவிட்டார்.

வேளாண் ஆராய்ச்சியில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு நண்பரைத் தேடிப் போனேன். அவர் சிரித்தார். "ஃபாதர், மரம் மழையைத் தரும் என்றீர்கள், இந்த மரம் மழையைத் தடுக்கும் என்றீர்கள். எந்த மரமானாலும் வேரால் நீரை எடுத்து, இலைத் துளைகளின் வழியே ஆவியாக வெளியே விடுகிறது. காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து மேகத்தை ஓட்டும் மரம் உலகில் இல்லை" என்றார். சீமைக்கருவேலத்துக்கு அவர் வக்காலத்து வாங்கவுமில்லை. அது கண்மாயின் வயிற்றை அடைத்துக்கொள்வதும், ஆழத்து நீரை எடுப்பதும், பிற செடிகளை வளரவிடாததும் உண்மை. அகற்றுவதற்கு அவை போதும், பொய்க் காரணம் எதற்கு என்பதே அவர் கேள்வி.

அப்படியானால் மரத்தால் மழையே இல்லையா என்றேன். அவ்வளவு எளிதாக அவர் விடவில்லை. ஆடி மாதத்தில் இடைசெவலில் நின்று மேற்கே பார்த்தால் மலைமேல் மேகம் குவிந்திருக்கும். இங்கே வெறுங்காற்று அடிக்கும். தென்மேற்குப் பருவத்தின் மழையை மலையே வாங்கிக்கொள்கிறது. நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடல் தருவது. அதனைக் கோவில் முற்றத்து நாலு வேம்பு கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஆனால் பெருங்காடுகளின் கதை வேறு. மலைக்காடுகள் தாம் வாங்கிய மழையில் ஒரு பகுதியை ஆவியாக்கித் திரும்பவும் கிழக்கே அனுப்புகின்றன. பம்பாய் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் இதனைக் கணக்கிட்டு 2018ல் வெளியிட்டனர்: தென்மேற்குப் பருவத்தில் தமிழகத்தில் பெய்யும் மழையின் ஈரத்தில் 25 முதல் 40 விழுக்காடு வரை மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகள் தருவதாம். நாம் கண்ணால் காணாத காடு நமக்கு மழை தருகிறது. கண்முன் நிற்கும் மரத்தின் வேலை வேறு. மரம் தண்ணீரைச் செலவழிக்கவும் செய்யும். உதகைக்கு அருகே கிளன்மார்கனில் புல்வெளியில் தைல மரம் நட்டு அளந்தபோது, முதல் பத்தாண்டுகளில் ஓடைக்கு வந்த நீர் 16 விழுக்காடு குறைந்திருந்தது.

இதற்குள் அவ்வாண்டிலேயே சென்னை உயர்நீதிமன்றம் மரம் வெட்டுவதற்கு இடைக்காலத் தடை விதித்தது. எங்கள் மரங்கள் ஏற்கெனவே விழுந்துவிட்டன. அவற்றுக்குப் பதிலாக நட்ட நூறு கன்றுகளில் கோடைக்குத் தப்பியவை ஏழு. கரிசல் மண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் பிளக்கும். பிளக்கும்போது இளவேரை அறுத்துவிடும். இதுவும் பின்னர் தெரிந்துகொண்டதுதான். பாட்டி தீப்பெட்டி ஒட்டப் போனார். வேறொரு பங்குக்கு மாற்றலாகி நானும் போய்விட்டேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். கோவில்பட்டியிலேயே 50 சென்டிமீட்டருக்கு மேல். அம்மழையைக் கொண்டுவர எந்த மரமும் தேவைப்படவில்லை. சாலை திறந்ததும் பழைய பங்கைப் பார்க்க ஓடினேன். கண்மாய் உடைந்திருந்தது. உடைந்த இடம், நாங்கள் இயந்திரத்தால் வேரோடு பறித்துவிட்டு மண்ணைக் கூட்டிக் கெட்டிக்காமல் விட்ட கரை. பனைகளும் இரண்டு பழைய புளியும் நின்ற பகுதி அசையவில்லை. தெற்குத் தெருவில் ஆறு வீடுகளின் சுவர்கள் சரிந்திருந்தன. உயிர்ச்சேதம் இல்லை என்பது ஆண்டவருடைய இரக்கம். என்னுடைய அறிவு அன்று. சரிந்தவற்றுள் ஒன்று பாட்டியின் வீடு.

அன்று கோவிலில் தங்கியிருந்த அக்குடும்பங்களின் முன் நின்று, 2017ல் நான் சொன்னது தவறு என்று சொன்னேன். பிரசங்கம் செய்வதைவிட அது கடினமாக இருந்தது. சிலர் தலைகுனிந்தார்கள், ஓர் இளைஞன் எழுந்து வெளியே போனான். அவன் வீடும் சரிந்திருந்தது. அவனைப் பின்தொடர்ந்து போனேன். பேச அவன் விரும்பவில்லை.

அடுத்த புரட்டாசியில், புதிய பங்குக் குருவின் அனுமதியோடு, மண் போட்டுக் கெட்டித்த கரையில் பனங்கொட்டை ஊன்றப் போனோம். அந்த இளைஞனும் மண்வெட்டியோடு வந்திருந்தான். குழி தோண்டுகையில், முன்பு அறுபட்டுப் புதைந்திருந்த கருவேலத் தூர் ஒன்று மேலே வந்தது. பாட்டி அருகே வந்து அதைக் குச்சியால் தட்டிப் பார்த்தார்.

"நல்லா வைரம் பாய்ஞ்சிருக்கு சாமி. இத நான் எடுத்துக்கிடட்டுமா? நாலு நாளைக்கு அடுப்புக்கு ஆகும்."

நானும் அந்த இளைஞனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய்ப் போட்டோம்.