எல்லையில் நின்றுவிடும் கதிர்



நுரையீரல் புற்றுநோயால் வருந்தும் சகோதரர் ஒருவரைக் காணச் சென்றிருந்தேன். ஜெபிக்கும் முன்பே, "உங்களுக்குப் புகைப்பழக்கம் இருந்ததா?" என்று கேட்டுவிட்டேன். அவர் தலைகுனிந்தார். "ஒருநாளும் தொட்டதில்லை, ஐயா" என்று அவர் மனைவிதான் பதில் சொன்னார். புகைக்காதவர்களுக்கும் இந்நோய் வரும் என்பதை நான் அறியாதவனல்ல.

புரோட்டான் கதிர்வீச்சு சிகிச்சை தமக்கு ஏற்றதா என்று மருத்துவர்கள் ஆராய்ந்துவருவதாக அவர் கூறினார். அதைப்பற்றி வாசித்தேன். வழக்கமான எக்ஸ்ரே கதிர் கட்டியைத் தாக்கியபின் நிற்பதில்லை. ஊடுருவி மறுபுறம் வெளியேறும். வழியிலுள்ள நல்ல திசுக்களும் அதனால் பாதிக்கப்படும். புரோட்டானோ தன் ஆற்றலின் பெரும்பகுதியைப் பாதையின் முடிவிலே இறக்கிவிட்டு, அங்கேயே நின்றுவிடுகிறது. ஆகவே கட்டிக்கு அப்பாலுள்ள இருதயத்தையும் உணவுக்குழாயையும் தண்டுவடத்தையும் கூடுமானவரை காக்க முடிகிறது. ஆயினும் ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரல் அசையும், கட்டியும் அசையும். அந்த அசைவை அளந்தறிந்த பின்னரே கதிரைச் செலுத்துகிறார்கள். எல்லாருக்கும் இது பொருந்துவதில்லை, செலவும் மிகுதி. சென்னைத் தரமணியில் 2019 முதல் இச்சிகிச்சை அளிக்கப்படுகிறது.

புரோட்டானை மருத்துவத்திற்குப் பயன்படுத்தலாம் என்று 1946இல் எழுதியவர் ராபர்ட் வில்சன். அவர் அணுகுண்டு ஆக்கத்தில் பங்குபெற்ற விஞ்ஞானி. அழிவுக்கு உழைத்த அறிவையும் சுகமளிக்கத் திருப்பக்கூடும் என்பது சிந்திக்கத்தக்கது.

அன்பானவர்களே, கடலுக்கும் எல்லை குறித்தவர் நம் தேவன். களையைப் பிடுங்கும் அவசரத்தில் கோதுமையையும் வேரோடு பிடுங்காதபடி பொறுத்திருந்த எஜமானைக் குறித்து நம் ஆண்டவர் உவமை சொன்னார். என் கேள்விக்கோ எல்லை இல்லை. அது நோயைத் தேடிப் புறப்பட்டு, மனிதனை ஊடுருவி, அருகிலிருந்த மனைவியையும் காயப்படுத்தியது.

மறுநாள் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பற்றிக்கொண்டு, "பீடி குடித்தவனுக்கும் வலி இதுதானே, ஐயா" என்றார். அன்று பிரசங்கித்தவர் அவரே, கேட்டவன் நான்.

இந்த வாரம் நோயாளி ஒருவரைச் சந்திக்கப் போகிறீர்களா? காரணம் கேட்காதீர்கள். அருகில் அமருங்கள். அவர் மூச்சின் அசைவுக்குக் காத்திருங்கள். பேச நேர்ந்தால், நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்துங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் வார்த்தைகளுக்கு எல்லை வகுத்தருளும். நோயுற்றோரையும் அவர்களுக்குப் பணிசெய்யும் மருத்துவர்களையும் தாங்கும். ஆமென்.