கைநாட்டுக்கு முன்

ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டி முடிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆகும். மூன்றாம் பக்கம் புரட்டுவதற்குள் விரலை நீட்டிவிடுவார்கள். "டாக்டர் சொன்னா சரிதாம்மா, எங்க வைக்கணும்?" அந்த விரலை மைப்பெட்டிக்குப் போகவிடாமல் பிடித்து வைப்பதுதான் என் வேலை.

மருந்து ஆய்வுகளில் 12 வருடமாக ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். எளிய சொல்லுக்காக நிறையவே அலைந்திருக்கிறேன். 10 மில்லி ரத்தம் என்றால் பயப்படுவார்கள். இரண்டு டீஸ்பூன் என்றால் தெளிவார்கள். யாருக்குப் புது மருந்து, யாருக்குப் பழைய மருந்து என்பதைக் கணினி முடிவு செய்யும். அதைக் 'குலுக்கல்' என்று சொல்லிவந்தேன். ஒருநாள் சர்க்கரை நோய்க்கு வந்த ஒரு பாட்டி, "எம்பேரு விழுந்தா நல்ல மருந்து, இல்லேன்னா இல்ல, அப்படித்தானே?" என்றார். எனக்குத் திக்கென்றது. குலுக்கல் என்றால் பரிசு. புது மருந்து நல்லதா என்று எங்களுக்கே தெரியாது, தெரிந்துகொள்ளத்தானே ஆய்வு! இத்தனை நாள் நானே ஆசை காட்டியிருக்கிறேன்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து டஸ்கிகீயில் நடந்ததும் சொல்லில்தான் தொடங்கியது. 1932-ல் அரசின் பொதுச் சுகாதாரத் துறை, மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆண்களையும் நோயில்லாத 201 பேரையும் ஓர் ஆய்வில் சேர்த்தது. சோர்வோ சோகையோ, எது வந்தாலும் 'கெட்ட ரத்தம்' என்பது அந்த ஊர்ப் பேச்சு. மருத்துவர்கள் அதையே எடுத்துக்கொண்டார்கள். நோயின் பெயரைச் சொல்லவில்லை. முதுகெலும்பில் ஊசி குத்தி நீர் எடுத்ததையும் இலவசச் சிகிச்சை என்றே கடிதம் போட்டார்கள். குணமாக்கும் பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. சம்மதமின்றி மனிதர்மேல் சோதனை கூடாதென்று 1947-ல் ஜெர்மனியின் நியூரம்பர்க்கில், நாஜி மருத்துவர்கள்மேல் நடந்த வழக்கில் தீர்ப்பே எழுதியாயிற்று. அதற்கு அப்புறமும் அந்த ஆய்வை 25 வருடம் நடத்தி, 1972-ல் பத்திரிகையில் வெளிவந்த பிறகுதான் நிறுத்தினார்கள். நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

இப்போது நான் "புரிஞ்சுதா?" என்று கேட்பதில்லை, அதற்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். "வீட்ல கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்று கேட்கிறேன். பாட்டியிடமும் குலுக்கலை விட்டுவிட்டு முதலிலிருந்து சொன்னேன். மகனிடம் கேட்க வேண்டுமென்று தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். நாலு நாள் கழித்து வந்தார். சாட்சிக்கு, ஆய்வோடு சம்பந்தமில்லாத பூக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நடுவுல வேண்டாம்னு போயிட்டா, எப்பவும் குடுக்கிற மாத்திரைய நிறுத்திருவீங்களா?"

நிறுத்த மாட்டோம் என்றேன். அது எழுதியிருக்கும் வரியைக் காட்டச் சொன்னார். பூக்காரம்மா அதை வாய்விட்டு இரண்டு முறை படித்தார்.