ஹைகேற் சேமக்காலை
லண்டனின் வடபாலுள்ள ஹைகேற் சேமக்காலைக்கு நாம் சென்றது கார்ல் மார்க்ஸின் கல்லறையைக் காணவே. உட்செல்லக் கட்டணம் உண்டு, மார்க்ஸைக் காணவுங்கூட!

1839இல் இலாபம் கருதிய கம்பனியொன்று திறந்த இடுகாடு இது. நகரத்துத் தேவாலய முற்றங்கள் பிணங்களால் நிரம்பி வழிந்த காலம். சாவும் சந்தைச் சரக்காயிற்று. செல்வர் 'எகிப்திய ஒழுங்கை'யிற் கல்லறைகள் வாங்கித் துயின்றனர். ஏழைகளோ பொதுக்குழியில் ஒருவர்மேல் ஒருவராய், பெயர்க்கல்லுமின்றி அடுக்கப்பட்டனர்.

விற்பதற்கு இடம் அருகியதும் வருவாய் வற்றிற்று, பராமரிப்பும் தளர்ந்தது. 1975இல் மேற்குப் பகுதியின் வாயில் மூடப்பட்டபோது உள்ளே காடு எழுந்திருந்தது. ஆஷ், சிக்கமோர் மரங்கள் பளிங்கைப் பிளந்து, பிரபுவின் குழியென்றும் பொதுக்குழியென்றும் பாராமல் வேரோடின. அவ்வாண்டே தொண்டர் சங்கமொன்று தோன்றி, காட்டைத் திருத்திக் கற்களை மீட்கத் தொடங்கியது. இன்று ஆஷ் மரங்களைப் பங்கசு நோயொன்று அரிக்கின்றது.

ஒழுங்கையின் கல்லறைகளுள் அரிய குகைச் சிலந்தியினம் ஒன்று வாழ்வது 2013இற் கண்டறியப்பட்டது. அதற்கு வேண்டியது ஒளிபுகா இருள். அதைச் செல்வர் பெரும்பொருள் செலவிட்டு வாங்கிவைத்திருந்தனர்!

மார்க்ஸை 1883இல் அடக்கஞ் செய்தது, கிழக்குப் பகுதியில் ஒதுக்குப்புறமான எளிய குழியொன்றில். 1954இல் அவரைப் பெருவழியோரத்துக்கு மாற்றினர். 1956இல் அங்கே வெண்கலத் தலையை நிறுவினர். பழைய இடத்தில் வெடித்த கற்பலகை கிடக்கின்றது. அதன்மீதிருந்த சருகுகளை ஒதுக்கிவிட்டுச் சிறிதுநேரம் நின்றோம்.